நான்காம் தொட்டிக்குப் பதில்

நண்பகலிலேயே ஒயினை வடித்துவிட்ட நான்காம் தொட்டிக்குச் சத்தம் போட எந்தக் காரணமும் இல்லை. மற்ற ஐந்தும் கொதிக்கும் கஞ்சியைப் போல முணுமுணுப்பது நியாயம், அவற்றில் திராட்சைச் சாறு இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது. இதில் மிச்சமிருப்பதோ இடுப்பளவு சக்கை. ஆனாலும் ஒயின் பண்ணையின் வழிகாட்டி ஜோஸ்லின் விருந்தாளிகளுக்குக் கோப்பையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது அதற்குள்ளிருந்து மூன்று தட்டல்கள் கேட்டன.

அவள் கோப்பை பாதிச் சுற்றில் நின்றது.

"உள்ள ஆள் வேற வெச்சிருக்கீங்களா?" என்றான் டெர்ஷியஸ். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஆறு பேரில் வாய் அதிகம் அவனுக்குத்தான். கொடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்ததில் கழுத்து சிவந்து, ருசி பார்த்துத் துப்ப வேண்டிய நான்கு வகை ஒயினையும் விழுங்கியிருந்தான்.

"பழைய ஸ்டீல் சார். சூடு தணியறப்போ சத்தம் போடும்," என்றார் முதலாளி தெரோன். சொன்னது அவனிடம், பார்த்தது ஜோஸ்லினை.

வாசலில் பார்ல் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சிமெண்டும் புளித்த திராட்சைத் தோலும் கலந்த வாடை உள்ளே நிறைந்திருந்தது. போன அறுவடையில் இதே தொட்டிக்குள் சக்கை வார இறங்கியவன் அவள் புருஷன் டெலானோ. இறங்குகிறவன் மண்வெட்டிக் காம்பால் மூன்று தட்டு தட்டுவான், வெளியே காவல் நிற்பவர் மூன்று தட்டிப் பதில் சொல்ல வேண்டும். சக்கையிலிருந்து கிளம்பும் காற்று கண்ணுக்குத் தெரியாமல் மூச்சை அடைக்கும் என்பதால் பண்ணையில் எவரும் மீறாத வழக்கம் அது. அன்று காவல் நின்றவள் ஜோஸ்லின். விருந்துக்குப் பரிமாற ஆளில்லை, ஐந்தே நிமிடம் வா என்று தெரோன் கூப்பிட்டார். போனாள். ஐந்து நிமிடம் இருபதானது, திரும்பி வந்தபோது டெலானோ செத்திருந்தான்.

அவள் அங்கேயே நின்றாள் என்று விசாரணையில் அவளும் தெரோனும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழிகாட்டி வேலை கிடைத்தது, மகளோடு பண்ணை வீட்டிலேயே இருந்துகொள்ளவும் விட்டார். வாயைத் திறந்தால் இரண்டும் போகும்.

தொட்டிகளுக்கு நடுவே போட்ட நீள மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூன்றுகால் இரும்புச் சட்டியிலிருந்து ஆட்டுக்கறியை எடுத்துப் பரிமாறினாள். கரண்டி தட்டில் படும் ஒவ்வொரு ஒலிக்கும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் மூன்று. இம்முறை மெதுவாக, இடைவெளி விட்டு, கை ஓய்ந்தவன் தட்டுவது போல.

அன்றும் இப்படித்தான் தட்டியிருப்பான். அன்றும் அவள் இப்படித்தான் யாருக்கோ கறி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடறான் பாரும்மா, போய் என்னன்னு கேளு," என்றான் டெர்ஷியஸ். மேசை சிரித்தது.

"ஜோஸ், கறி ஆறுது," என்றார் தெரோன்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். பண்ணை ஆட்களுக்கு முதலாளி எப்போதும் 'மெனீர்', ஐயா.

"அன்னிக்கு நான் இங்க நிக்கல மெனீர். நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்துட்டேன். அவன் தட்டிட்டே இருந்திருக்கான்."

தெரோன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாவம், புருஷன் போன துக்கம். வாங்க, சீஸும் காப்பியும் வெளிய முற்றத்துல இருக்கு." தாழ்ந்த, அன்பான குரல். ஆறு பேரும் கோப்பைகளோடு அவர் பின்னால் போனார்கள்.

ஜோஸ்லின் நான்காம் தொட்டியில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் முட்டியால் மூன்று தட்டினாள்.

பதில் இல்லை.

பதில் இல்லையென்றால் திறந்து இழுக்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். அடிக்கதவின் சக்கரத்தைத் திருகினாள். ஈரமான இருட்டு முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையையும் ஒரு கையையும் உள்ளே நீட்டினாள்.

"டெலானோ?"

சக்கைக்குள் அசைவு. விரல்கள் மணிக்கட்டைப் பிடித்தன. குளிர்ந்தவை. அவன் விரல்கள்தான். வெளியே வர அவள் கையைப் பிடிக்கிறான் என்று நினைத்தாள். அழுகை வந்தது.

பிடி உள்ளே இழுத்தது.

தோள். மார்பு. கதவின் விளிம்பு இடுப்பைக் கிழித்தது. பின்னால் செருப்புச் சத்தம். யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள்.

"மெனீர், இழுங்க. என் காலைப் பிடிச்சு இழுங்க."

இரண்டு கைகள் அவள் கணுக்கால்களைப் பிடித்தன. தூக்கின. தள்ளின.

சக்கைக்குள் முகம் புதைய விழுந்தாள். கதவு மூடிக்கொண்டது. சக்கரம் திருகும் சத்தம். ஒரு சுற்று. இரண்டு. காலடிகள் விலகின. தூரத்தில் தெரோனின் தாழ்ந்த, அன்பான குரல் கேட்டது, டெர்ஷியஸ் எதற்கோ சிரித்தான்.

கத்தப் பார்த்தாள். காற்றில்லை. ஸ்டீலைத் தடவிக் கண்டுபிடித்தாள். விரல் முட்டியால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே எதுவும் இல்லை.

பதில் வந்தது. மெதுவாக, மூன்று தட்டல். அவள் காதுக்குப் பக்கத்தில், தொட்டியின் உள்பக்கத்தில்.