உள்ளே: 1

தண்டையார்பேட்டையில் ஒரு வெங்காய குடோனுக்கு மேல் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. வெங்காயத்தைச் சேர்க்காவிட்டால் ஊழியர்கள் இருவர்: நர்மதா அக்கா, நான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள், மத்தியானம் படியேறினேன்.

நாலு மணிக்குள் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றுக்குப் புதுத் திரை போக வேண்டும். குளிர் அறைக்குள் எத்தனை பேர் என்று காட்டும் திரை. 0 காட்டினால் கதவைப் பூட்டுவார்கள்.

திரையின் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க ஒரு பிரிவியூ கருவி உண்டு. சர்வரை இணைக்காமல் ஓட்டினேன். 0 வர வேண்டும்.

உள்ளே: 1. ராசையா.

"அக்கா, ராசையா யாரு?"

அக்கா கையிலிருந்த டீ தளும்பியது. "அந்தப் பேரை போன வருசமே தூக்கிட்டேனே, ஜெனிஷு."

மிடில்வேர் கோப்பைத் திறந்தேன். திரைக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் புரோக்கர் அது. அதில் அக்கா எழுதிய ஒரு வரி: சர்வர் பதில் தராவிட்டால் 0 என்று சொல். பிரிவியூ பார்க்க லட்சணமாக இருப்பதற்காக எழுதியது. எடுக்க மறந்து, பழைய திரையோடு ஃபேக்டரி வரை போய்விட்டது.

"அன்னிக்கு சர்வர் படுத்துகிச்சு," கிசுகிசுத்தாள். "ஸ்கிரீன் ஜீரோன்னு காட்டிச்சு. ராசையா உள்ள இருக்கசொல்லவே பூட்டிட்டாங்கோ. காலைலதான் தொறந்தாங்கோ."

"அந்த வரி இன்னும் கீதுக்கா!"

"இப்ப எடுத்தா, ஏன் எடுத்தேன்னு ஓனர் நோண்டுவான். கம்னு அப்படியே அனுப்பு. அந்தப் பேரு எங்கியோ ஒட்டிகினு கீது, சர்வரையே ஆஃப் பண்றேன்."

சர்வர் இருக்கும் ஏசி அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெங்காய வாடை நின்றுபோனது. ஐஸ் ஃபேக்டரிகளில் வருகிற, மூக்கைக் குத்தும் அமோனியா நெடி.

உள்ளே: 2. ராசையா, நர்மதா.

கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். விரல் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம். முதலில் வேகமாக. அப்புறம் மெதுவாக.

அப்புறம் இல்லை.

ஓடிவந்து அந்த வரியை அழித்தேன். நாலு தடவை தப்பாக அழுத்தினேன். சேமித்தேன். ஃபேக்டரிக்கு அனுப்பினேன்.

கதவு திறந்தது.

மே மாத வெயிலில், அக்காவின் புருவத்தில் வெள்ளையாகப் பனி. உதடு நீலம்.

"வந்துட்டோம், நைனா," என்றாள்.

உள்ளே: 0.

இந்த முறை அது பொய்யில்லை.

வெறுங்காலுடன் அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஈரத் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஈரத் தடம். ரப்பர் பூட்ஸ். ஏசி அறையிலிருந்து வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.