முதுகுக்குப் பின்னால் இரண்டாவது டிராம்போன்

இசைத் தாளில் பதினாறு தாளக் கட்டம் தாண்டியும், தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்த கணவர் ஒரு தடவைகூட மூச்சு இழுக்கவில்லை என்பது அவளை உறுத்தியது. டிராம்போன் என்கிற, நீட்டி மடக்கும் பித்தளைக் குழாயை ஊதுகிறவர் நாலு கட்டத்துக்கு ஒருமுறையாவது காற்றை இழுத்தாக வேண்டும். அவர் இழுத்தால் அடுத்த வீடு வரை கேட்கும், அதற்காக அவள் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறாள்.

விடிந்தால் அவளுக்கு வாத்தியக் குழுவில் தேர்வு. முன்பின் பார்க்காத தாளை வைப்பார்கள், வைத்த கையோடு வாசிக்க வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் சொதப்பினால் வேலை போய்விடும். அதற்காகத்தான் இரண்டு டிராம்போனுக்கான இந்த ஜோடிப் பாடப் புத்தகம், ஆளுக்கொரு பிரதி. மேல் வரி அவளுக்கு, கீழ் வரி அவருக்கு. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதென்று முதுகோடு முதுகாக உட்காருவார்கள். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது, கடைசிக் கோடு வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டவர் அவர்தான்.

இன்றும் பின்கதவு திறந்தது, நாற்காலி இழுபட்டது. "வந்தாச்சா?" என்று கேட்டாள். பதிலுக்குத் தரையில் நான்கு தட்டு. வழக்கம்போல் தாளம் எண்ணுகிறார் என்று ஆரம்பித்துவிட்டாள்.

மழை இரைச்சலுக்கு அடியில், ஈரப் பித்தளை வாடையோடு, கீழ் வரி அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இருபதாவது கட்டத்தில் அவள் ஒரு சுரத்தைத் தப்பாக ஊதினாள். பின்னாலும் அதே தப்பு, அதே நொடியில். தாளில் இல்லாத தப்பு அவருக்கு எப்படித் தெரியும்?

எதிரே வாசல் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து கணவர் நின்றார். கையில் பூட்டிய டிராம்போன் பெட்டி.

"பஸ்ஸே கிடைக்கல, அதான்..." என்று ஆரம்பித்தவர், அவள் தோளுக்கு மேலே பார்த்தார். பெட்டி கைநழுவி விழுந்தது.

"நிறுத்தாத," என்றார். "தயவுசெஞ்சு நிறுத்திடாத. திரும்பாத."

ஊதினாள். உதடு மரத்தது. கண்ணீரில் கோடுகள் கலங்கின. பக்கத்தின் கடைசி வரி. மூன்று கட்டம். இரண்டு. இரண்டு கையும் வாத்தியத்தில், பக்கம் புரட்டக் கை இல்லை.

காதோரம் ஜில்லென்றது. ஒரு பித்தளைக் குழாய் அவள் தோளைத் தாண்டி நீண்டது. எந்தக் கையும் எட்டாத தூரம் நீண்டது. தாளின் நுனியைத் தொட்டு, மெல்லப் புரட்டியது.

புதிய பக்கத்தில் கீழ் வரியெங்கும் நெருக்கமாகச் சுரங்கள். அவளுடைய மேல் வரியில், கடைசிக் கோடு வரை, ஊதாமல் இருக்கச் சொல்லும் மௌனக் குறிகள் மட்டுமே இருந்தன.