கடைசி வீட்டுத் தகரம்

மூடுபனி இறங்கி வெகுநேரம் ஆகியும் முட்டைக்கார அக்காவின் தகரம் ஒலிக்கவில்லை.

தையல்காரி மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்று கேட்டாள். மேலே கடைத்தெருவில் ரொட்டிக்கடைக்காரர் தன் அகலத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு இந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் வாசலில் தொங்கும் இரும்பு வளையம் கணீர் கணீரென்றது. அதற்கடுத்து அக்காவின் தகரம் கேட்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அறைக்குள் வரைக்கும் நுழைந்துவிட்ட பனியில் ஈரத்துணி வாசமும் தோண்டிப் போட்ட மண்ணின் வாசமும் கலந்து வந்தன.

இந்த மலையூரில் பனிக்கு நேரம் காலம் கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதனால் வெளியே ஆள் போயிருக்கும் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று டின்னோ வாளியோ, கைக்கு அகப்பட்டதைத் தட்டுவார்கள். வீட்டுக்கு வீடு சத்தம் வேறு. நடந்து வருகிறவர்கள் ஒவ்வொரு சத்தமாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். ஆள் வந்ததும் அந்த வீட்டுச் சத்தம் நின்றுவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் இவளுக்கு இது சிரிப்பாக இருந்தது. பாத்திரக்கடைக்குள் பூனை புகுந்த மாதிரி இருக்கிறது உங்கள் ஊர் என்று புருஷனைக் கேலி செய்திருக்கிறாள்.

கடைசி வீடு மட்டும் தட்டக் கூடாது. அவளுடையது கடைசி வீடு. அவளுக்கும் சேர்த்து, வளைவுக்கு அந்தப் பக்கமிருக்கும் முட்டைக்கார அக்காதான் தட்டுவாள்.

"ஏங்க்கா, எனக்குக் கை இல்லையா?" என்று ஒருமுறை கேட்டாள்.

அக்கா முட்டைகளைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "உன் வீட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

"புல்லு."

"புல்லுக்குக் கீழ ஒரு தெரு இருக்குடி. பழைய ஊரு அங்கதான் இருந்துச்சு. ஒரு மழைக்காலத்துல, இதே மாதிரி பனியில, ஆம்பளைங்க எல்லாம் மேல மரம் வெட்டப் போயிருந்தாங்க. பொம்பளைங்க வாசல்ல நின்னு தட்டிக்கிட்டு இருந்தாங்க. மலை சரிஞ்சு மூடிடுச்சு. அவங்க ஆளுங்க வீடு வந்து சேரவே இல்லை. அதனால அவங்க தட்டி முடிக்கலை. நீ தட்டினா கீழ கேக்கும். கேட்டா அவங்களுக்கு நெனப்பு வந்துடும்."

அன்று காலையில் அக்கா மகளின் பிரசவத்துக்காக அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பனி வந்தால் உன் வீட்டுக்காரரை வருகிற வழியில் ஒர்க்‌ஷாப்பிலேயே உட்காரச் சொல் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் லைன்மேன். மேட்டில் கம்பி அறுந்து ஊரே இருட்டில் கிடந்தது. கரண்ட் இல்லாததால் டவரும் இல்லை, போனும் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் அவர் போயிருக்கிறார். அதோடு அவர் ஒரு பிடிவாதக்காரர். பிறந்ததிலிருந்து நடக்கிற ரோட்டில் எனக்கு யார் வழி காட்ட வேண்டும் என்பார். போன மழையில் வளைவின் ஓரம் பாதி இடிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. அங்கே கைப்பிடிக் கம்பியும் கிடையாது.

தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டதென்றால் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டதென்றால் மனுஷன் கிளம்பிவிட்டார். போனை எடுத்துப் பார்த்தாள், டவர் இன்னும் வரவில்லை. அக்கா வீட்டு வாசலுக்கே போய்த் தட்டிவிடலாம் என்று படியிறங்கினாள். கடைசிப் படியில் தன் பாதமே தெரியவில்லை. அதே இடிந்த வளைவைத்தான் அவளும் தாண்ட வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி ஏறினாள்.

ஒர்க்‌ஷாப் வளையம் நின்றுவிட்டது. அந்த வீட்டு ஆள் வந்தாயிற்று. இனி வளைவு வரைக்கும் தன் வீட்டுக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சத்தமும் இல்லை.

அவள் பட்டன் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கட்டிலில் கவிழ்த்தாள். கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செத்துப்போனவர்களுக்குப் பயந்து உயிரோடு இருப்பவரை விட்டுவிட முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தட்டினாள்.

முதலில் மெதுவாக, யாரோ தூங்குகிறவர்களை எழுப்பிவிடப் போகிற கூச்சத்தோடு. பிறகு பலமாக. சத்தம் பனிக்குள் போய் அமுங்கியது. கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. புல்லின் பக்கமிருந்து மண் வாசம் இன்னும் அடர்த்தியாக ஏறி வந்தது. அவள் கையை நிறுத்திக் கேட்டாள்.

கீழே யாரோ தட்டினார்கள்.

எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலிக்கு டின் சத்தம் வர வேண்டும். இது கனமான வெண்கலச் சத்தம். அவள் தட்டவே இல்லை, அது தட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வாளி. அதற்கும் தள்ளி ஏதோ மூடி. வீட்டுக்கு வீடு வேறு சத்தம், ஒரு தெரு நீளத்துக்கு, புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் அவள் நிறுத்தினால் அவருக்கு அந்தச் சத்தங்கள் மட்டும்தான் கேட்கும். ஆகவே டின் நசுங்கும் அளவுக்கு அடித்தாள். அவள் வேகத்துக்கு அவர்களும் வேகம் கூட்டினார்கள்.

"ஏய்! எந்தப் பக்கம்டி?"

அவர் குரல். வளைவிலிருந்துதான். உயிரோடு, கொஞ்சம் மூச்சிரைப்போடு, எப்போதும் போலக் கொஞ்சம் எரிச்சலோடு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இங்க! மேல! அங்கேயே நில்லுங்க, நகராதீங்க!"

"இங்க," என்றது கீழே ஒரு குரல். அவளுடைய குரல். "இங்கதான், வாங்க."

"அது நான் இல்லைங்க!"

"அது நான் இல்லைங்க," என்றது அது, இன்னும் பிரியமாக. "இந்தப் பக்கம் வாங்க."

"சரி சரி, கத்தாதே. வந்துட்டேன்," என்றார் அவர்.

தார் ரோட்டில் காலடிச் சத்தம். பிறகு சரளைக்கல். பிறகு புல்.

அவள் கத்தினாள். டின்னை அடித்தாள். கத்தரிக்கோல் கையைக் கிழித்தது. காலடி நிற்கவில்லை. விழுகிற சத்தமும் இல்லை. கல் உருளவில்லை. நிதானமாக இறங்கியது. வீட்டுக்குப் போகிற நடை.

கீழே வெண்கலச் சத்தம் நின்றது.

வாளி நின்றது. மூடி நின்றது. தெரு முழுக்க அடங்கியது.

அவள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டியபடி படியிறங்கி ஓடினாள். வழி தெரிந்தா ஓடினாள்? விழுந்தாள், எழுந்தாள், சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கினாள். கை நிறையப் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பனி சற்று விலகியது. வெறும் சரிவு. யாரும் விழுந்து கிடக்கவில்லை. ரத்தமில்லை. மிதிபட்ட தடம்கூட இல்லை.

புல்லின் நடுவே அவருடைய ரப்பர் பூட்ஸ் இருந்தன. ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காக, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிற மாதிரி. முனை இரண்டும் மலைச்சரிவைப் பார்த்திருந்தன. அவள் உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது.

மண்ணுக்கு அடியில் தட்டு வைக்கும் சத்தம். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு பெண் கேட்டாள்:

"இன்னும் யாராவது வரணுமா?"

எதையோ மென்றுகொண்டே அவர் பதில் சொன்னார். எரிச்சலே இல்லாத குரல்.

"என் வீட்டுக்காரி ஒருத்திதான். அவளுக்கு வழி தெரியாது. தட்டுங்க."

அவள் காலுக்கு நேர் கீழே வெண்கலம் ஒலிக்கத் தொடங்கியது. ஓடிவிட வேண்டும் என்று எழுந்தாள். புல்லின் ஈரம் உள்ளங்காலில் பட்டது. குனிந்து பார்த்தாள்.

அவளுடைய செருப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில், ஜோடியாக, சரிவைப் பார்த்து இருந்தது.