பழைய லினக்ஸ், புது லைப்ரரி

பவானி கட்டளை கொடுத்ததும் திரை ஒருமுறை இமைத்தது. அவ்வளவுதான், அவள் எழுதிய மென்பொருள் திறக்கவில்லை. தேனி வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமரா படமும் ‘திற’, ‘மூடு’ பொத்தான்களுமாகச் சமர்த்தாக ஓடியது, ஓடைப்பட்டியின் இந்தத் திராட்சைக் கிடங்கில் ஒரு வரி பிழைச்செய்தியோடு படுத்துக்கொண்டது. இங்கிருந்த லினக்ஸ் பழையது, அவள் மென்பொருளோ நிரல்கள் எல்லாம் சார்ந்து ஓடும் லைப்ரரியின் புதுப் பதிப்பைக் கேட்டது. எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டுமானால் இருப்பதிலேயே பழையதில் வைத்து உருவாக்க வேண்டும். தெரிந்தும் சோம்பல்பட்டிருந்தாள்.

மின்பூட்டைச் சோதிக்கக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட கணவன் சுருளிராஜன், மெல்லிய சட்டையோடு அரை மணி நேரமாக உள்ளே இருந்தான். பழைய கைப்பிடியை அவனே காலையில் கழற்றிவிட்டான். இனி இந்தக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கதவு திறக்கும். சுமைதூக்குகிற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தத்துக்கும், நசுங்கிய பன்னீர் திராட்சையின் புளித்த வாடைக்கும், கம்ப்ரசரின் உறுமலுக்கும் நடுவே, சுவருக்கு அப்பால் குளிர் அறைக் கதவில் ஒரு தட்டல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், விறைத்துப்போயிருப்பான். பதற்றத்தில், கொண்டுவந்திருந்த சிடியிலிருந்த புது லைப்ரரியைப் பழையதன் மேலேயே எழுதினாள்.

அதன்பிறகு எதுவும் ஓடவில்லை. எந்தக் கட்டளைக்கும் ஒரே பிழை. கோப்புகளைப் பட்டியலிடக்கூட முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி எழாது என்று அவளுக்குத் தெரியும். எல்லா நிரலும் நம்பியிருந்த அடிப்படையை அவளே உருவிவிட்டிருந்தாள்.

அழுகை வந்தது. கதவை நெம்பக் கடப்பாரையை எடுத்தாள். குளிர் அறை இன்டர்காம் அடித்தது.

"பவானி, எதுக்குக் கதவத் தட்டிக்கிட்டே இருக்க? சீக்கிரம் தெற."

"நான் தட்டல மாமா. நீங்க தட்டுறீகன்னுல்ல நெனச்சேன்."

தட்டல் நிற்கவில்லை.

"நான் கதவுப் பக்கமே போகலத்தா. பெட்டிக்குப் பின்னால ஒக்காந்திருக்கேன்." அவன் குரல் தாழ்ந்தது. "தெறக்காத. என்ன ஆனாலும் தெறந்துராத."

கடப்பாரை கையிலிருந்து நழுவியது.

திரை இமைத்தது.

எந்த நிரலும் ஓட முடியாத அந்தக் கம்ப்யூட்டரில் அவள் மென்பொருள் திறந்தது. தெளிவாக. பொத்தான்களோடு.

அவள் மவுஸைத் தொடவில்லை. ‘திற’ அமுங்கியது. ‘மூடு’ என்பதை அவள் அமுக்கினாள். அமுக்கினாள். அமுங்கவில்லை.

தட்டல் நின்றது.

குளிர் அறைக் கேமரா படத்தில் கதவு மெல்லத் திறந்தது. வெளியே வெயில். யாருமில்லை. கதவு தானே சாத்திக்கொண்டது. பெட்டிகளுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த சுருளிராஜனின் பார்வை கதவிலிருந்து கிளம்பியது. எதையோ பின்தொடர்ந்து தரையோடு நகர்ந்தது. நிதானமாக, ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து, அவன் காலடிக்கு வந்து, மேலே ஏறத் தொடங்கியது.