இன்றைய ரத்தம்

குளியலறைச் சுவரில் அவள் அடித்த கொசுவிலிருந்து சிவப்பு ரத்தம் வந்தது. அதுதான் கோளாறு.

வேறு யாராவது என்றால் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார்கள். அவள் சுகாதார ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்ப்பவள். கொசு குடித்த ரத்தத்துக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆயுள். முதல் நாள் செக்கச்செவேல். அடுத்த நாள், வயிற்றுக்குள் கட்டிய மெல்லிய சவ்வுப்பையில் காபித்தூள் நிறத்துக்குக் கறுத்துச் சுருங்கும். மூன்றாம் நாள் ரத்தம் கரைந்துபோய் வயிறு முழுக்க வெள்ளை முட்டை. பிள்ளை பெறத்தான் அத்தனை குடியும். பழைய துணியைப் புதுசு என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். கொசு வயிற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவள் விரலில் இருந்தது இன்றைய ரத்தம்.

யாருடையது?

அவளுக்கு இது ஏழாம் மாதம். கொசுக்காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்ன அன்றே, திரைச்சீலை வியாபாரியான கணவன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, ஜன்னல், காற்றுத்துளை, சாக்கடை வாய் வரைக்கும் வலையடித்துவிட்டான். கண்ணாடிமுன் நின்று உடம்பு முழுக்கத் தேடினாள். ஒரு கடிகூட இல்லை.

"என்னைத்தான் கடிச்சிருக்கும், விடு," என்றான் கணவன்.

"சட்டையைக் கழட்டுங்க."

விளக்கடியில் அவனை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்ன, சரக்கு பிடிச்சிருக்கா? பிடிக்கலைன்னா இனிமே மாத்தித் தரமாட்டாங்க."

"ஒரு தடிப்புகூட இல்லைங்க."

"எனக்குத் தடிச்ச தோல்னு உங்கம்மா எப்பவோ சொல்லியாச்சு. போம்மா, நான் அடிச்ச வலையைத் தாண்டி வரணும்னா கொசு விசா வாங்கணும்."

சிரித்தாள். அவன் கடைக்குக் கிளம்பிப்போன பிறகுதான் உறைத்தது. உள்ளே வர முடியாத கொசு, வெளியே போய்க் குடித்துவிட்டு வரவும் முடியாது. குடித்தது வீட்டுக்குள்ளேயேதான்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. வலையில் மோதிய சாரல் மாவு சலிப்பதுபோல் ஓயாமல் சலசலக்க, அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்துவந்தாள். வயிறு முட்டக் குடித்த கொசு தூரம் பறக்காது. பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரிலேயே சாய்ந்துவிடும். எங்கே கூட்டமோ அங்கேதான் குடி. சமையலறையில் ஒன்று, கறுத்த வயிறு. நடைவழியில் மூன்று, அரைக் கறுப்பு. பிள்ளைக்கென்று அவர்கள் ஒழித்துவைத்த அறையில் பதினொன்று.

எல்லாம் சிவப்பு.

ஒன்றின் வால் நுனியில் தெளிந்த நீர்த்துளி நின்றது. குடித்த கையோடு பாரம் குறைக்கக் கொசு தண்ணீரைச் சொட்டும். அப்படியென்றால் இது குடித்துச் சில நிமிடம்தான்.

சுவர் அலமாரியின் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. உள்ளிருந்து ரீங்காரம். அதோடு ஒரு வாடை. பூசணம் பூத்த மரத்தின் வாடைக்கு அடியில், வெகுநேரம் தூங்கிக்கொண்டிருக்கும் உடம்பின் வெதுவெதுப்பான வியர்வை வாடை.

ஓடு என்றன கால்கள். ஆனால் பிள்ளையைப் படுக்க வைக்கப்போகும் அறை இது. தெரியாமல் விட்டுவிட்டு எப்படித் தூங்குவாள்?

திறந்தாள்.

அலமாரி காலி. மூன்று பக்கமும் பலகை தெரியாமல் கொசு. நடுவிலும் கொசு, வெறும் காற்றில். பறக்கவில்லை. கால் ஊன்றி நின்றன. கைவிளக்கை உயர்த்தினாள். ஒரு வரிசை தோளாக வளைந்தது. இரண்டு வரிசை மடித்த முழங்கால்கள். குனிந்த பிடரி. ஊசிகள் ஒன்றுமில்லாததற்குள் இறங்கியிருந்தன. கண்ணாடிபோலிருந்த வயிறுகள் அவள் பார்க்கப் பார்க்க ரோஜா நிறமாகி, சிவந்து, உப்பின.

பட்.

தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தன் கழுத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

பிடரிப் பக்கம் ஏழெட்டுக் கொசு நசுங்கி ரத்தம் ஒழுகியது. அந்த ஈரம் காற்றிலிருந்து பிரிந்து எழுந்தது. உள்ளங்கை. ஐந்து விரல். சிவப்பு.

விரிந்தது. நின்றது.

அவள் பக்கம் திரும்பியது.

கதவைச் சாத்தக் கை வரவில்லை. அது வந்தது. மெதுவாக. வயிற்று உயரத்துக்குத் தாழ்ந்து.

வெளிர் நைட்டியில் வெதுவெதுப்பாக ஒட்டியது. சிவப்பு ஊறிப் பரவியது. அழுத்தவில்லை. காத்திருந்தது.

அதே இடத்தில், வயிற்றுக்குள்ளிருந்து, ஒவ்வொரு விரலாக, இன்னொரு உள்ளங்கை எழும்பி வந்து அதோடு பொருந்தியது.