விரல் நீட்டாத ஊற்று

“உத்தேச வழித்தடத்தில் நீராதாரம் ஏதும் இல்லை.”

மின்கம்பி நிறுவனத்தின் அறிக்கையில், பதினாறாம் பக்கத்தில் இருந்த அந்த வரியைப் பூங்காவனம் உரக்கப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் சடாரென்று எழுந்தாள்.

“இல்லையாமா? அப்போ ஏழு ஊரும் குடிக்கிறது என்ன, காத்தா?”

செம்பூத்து மலையடிவாரத்தில் இ-சேவை மையம் நடத்துபவள் பூங்காவனம். நிறுவனம் வெளியிட்ட மின்பாதையை அவள் தன் கணினியின் வரைபட மென்பொருளில் ஏற்றியிருந்தாள். மலையின் செயற்கைக்கோள் படத்தின் மேல் மஞ்சள் கோடு ஓடியது. கோபுரத்துக்கு ஒரு புள்ளி. இருபத்துமூன்றாம் புள்ளி கன்னிமார் காட்டின் நடுவில் விழுந்திருந்தது. ஏழு ஊர்களுக்கும் உயிரான ஊற்று அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது! ஆனால் படத்தில் தெரிந்ததெல்லாம் மரங்களின் தலைகள்தான்.

“ஊத்துக்கு இருநூறு மீட்டருக்குள்ள கோபுரம் வராதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க அக்கா. ஊத்து எங்கன்னு சரியா ஒரு புள்ளி வெச்சிட்டா போதும். மத்தியானம் மூணு மணிக்கு அரசாங்கத்தோட கருத்துக்கேட்புக் கூட்டம். இன்னிக்கு விட்டோம்னா, அடுத்த வாரம் பாறைக்கு வெடி வெச்சிருவாங்க. ஊத்துக்கண்ணு அடைஞ்சிடும்!”

தீர்த்தம்மாள் அந்த ஊற்றுக்குப் பூசை செய்பவள். ஊற்றை வெளியாருக்குக் காட்டக்கூடாது, அதை நோக்கி விரல்கூட நீட்டக்கூடாது, நீட்டினால் வற்றிவிடும் என்பது அம்மலையின் முறை. வரைபடத்தில் புள்ளி வைப்பது விரல் நீட்டுவது ஆகாதா?

“வா, போவோம்” என்றாள் கடைசியில். “போயிக் கன்னிமாரையே கேட்டுக்குவோம்.”

விடிந்ததும், காலை ஆறு மணிக்கே, மூவர் புறப்பட்டார்கள். மூன்றாமவன் தேன் எடுக்கும் சடையன். வாய் ஓயாத அவன் அன்று ஊமையாக முன்னால் நடந்தான்.

“என்ன சடையண்ணே, வாய வீட்ல வெச்சிட்டு வந்துட்டியா?” என்றாள் பூங்காவனம்.

“நட புள்ள. அட்டை ஏறுது பாரு.”

ஓடையின் பாறைகளில் தாவினார்கள். முழங்கால் வரை அட்டைகள்! மூங்கில் புதரைத் தாண்டியதும் சடையன் கையை உயர்த்தினான். இருபதடித் தூரத்தில் ஒற்றை யானை! மூச்சை அடக்கி மூவரும் மரத்தோடு மரமாக நின்றார்கள். அது சாவகாசமாக மூங்கிலை முறித்துத் தின்றுவிட்டு வழிவிடும்போது ஒரு மணி நேரம் போயிருந்தது.

அடர்காட்டுக்குள் நுழைந்ததும் வேறொரு தொல்லை. பூங்காவனத்தின் ஃபோனில் அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி தத்துக்கிளிபோல் தாவியது. நின்ற இடத்திலேயே நிற்க, அது ஐம்பது மீட்டர் கிழக்கே குதித்தது, அப்புறம் வடக்கே!

“மரம் மறைக்குது. இத நம்பிப் புள்ளி வெச்சா அவங்க சிரிப்பாங்க!” என்று அவள் தவித்தபோது, மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

பாறைச் சரிவில் ஒரு மனிதன் உருண்டுகொண்டிருந்தான். தலைக்கு மேல் கரும்புகைபோல் மலைத்தேனீக்கள்! பக்கத்தில் நொறுங்கிய ட்ரோன் ஒன்று கிடந்தது. அது தேனடையில் மோதியிருக்கிறது.

“கம்பெனிச் சட்டை!” என்றாள் பூங்காவனம்.

“சட்டையா கத்துது? மனுசன் கத்துறான்!” சடையன் பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை எழுப்பினான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தான். புகைக்குத் தேனீக்கள் விலக, அவனைத் தோளில் தூக்கி வந்து சேர்த்தான்.

அவன் பெயர் அன்வர். ஆம்பூர்க்காரன்; நிறுவனத்தின் நில அளவையாளன். கூட வந்தவர்கள் அலறி ஓடிவிட்டார்கள். முகம் வீங்கிக் கண் இடுங்கிக் கிடந்தவன், “தண்ணி…” என்றான்.

மூவரின் பாட்டில்களும் காலி. ஊற்று கூப்பிடு தூரத்தில். ஆனால் இவன் வெளியாள். அதிலும் கோபுரம் நட வந்தவன்!

இருவரும் தீர்த்தம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

“தாகம்னு வந்தவனுக்கு ஒளிச்சு வெக்கவா கன்னிமார் தண்ணி தராங்க? தூக்குங்கடா தம்பிய!”

நாவல் மரத்தின் வேருக்குக் கீழே, ஏழு கற்களுக்கு நடுவில் ஊற்று சத்தமின்றிப் பொங்கிக்கொண்டிருந்தது. தீர்த்தம்மாள் தன் கையால் அள்ளிப் புகட்டினாள், முகத்தையும் கழுவிவிட்டாள். அன்வர் மெல்லக் கண் திறந்து சடையனை உற்றுப் பார்த்தான்.

“அண்ணே, நீங்கதானே போன வருசம் ‘இங்க தண்ணியே இல்ல, வெறும் பாறை’ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?”

சடையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு முறை அக்கா. முறையக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். ஊத்தையே காவு குடுத்துட்டேனே!”

அவனைத் திட்டப் பூங்காவனம் வாயெடுத்தாள். தீர்த்தம்மாள் தடுத்தாள். “விடு புள்ள. என்னைக் கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.”

அன்வர் தள்ளாடி எழுந்தான். தன் முதுகுப்பையில் இருந்த மடக்குக் கோலை நீட்டி, அதன் தலையில் அளவுக் கருவியைப் பொருத்தினான். “இத இருபது நிமிசம் அசையாம நிறுத்தினா, மரத்தடியிலயும் சரியாச் சொல்லும். எந்த எடத்துல ஊன்றதுன்னு காட்டுங்க.”

“உன் வேலை போயிடாதா தம்பி?”

“இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு, தண்ணி இல்லன்னு எழுத எனக்குக் கை வராதுக்கா.”

தீர்த்தம்மாள் ஏழு கற்களையும் வணங்கினாள். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து ஊற்றைக் காட்டினாள். “விரல்தானே நீட்டக் கூடாது? படையல் வெக்கிறப்போ கைய விரிச்சுத்தானே காட்டுறோம்!”

கருவி கணக்கிட்டது. இருபத்துமூன்றாம் கோபுரத்துக்கும் ஊற்றுக்கும் இடையே முப்பத்தெட்டு மீட்டர்!

சறுக்கியும் ஓடியும் அவர்கள் இறங்கியபோது கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. ஏழு ஊரும் பள்ளிக்கூட மைதானத்தில் திரண்டிருந்தது. நிறுவனத்தின் பொறியாளர் ஒரு தாளை ஆட்டினார். “உங்க ஊர் ஆளே கையெழுத்துப் போட்டிருக்கார்! இப்ப திடீர்னு ஊத்து எங்கிருந்து மொளைச்சுது?”

சேறு அப்பிய உடம்போடு சடையன் முன்னால் வந்து நின்றான்.

“கையெழுத்து என்னுதுதான். பொய்யும் என்னுதுதான். ஊத்து மட்டும் ஏழு ஊருக்கும் சொந்தம்! என்னை ஜெயில்ல வேணா போடுங்க. அதுல கை வெக்க விடமாட்டோம்!”

பூங்காவனம் மடிக்கணினியை, கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி அம்மாளின் முன் வைத்தாள். மஞ்சள் கோடு, ஊற்றின் இடத்தில் சிவப்புப் புள்ளி, நடுவே முப்பத்தெட்டு மீட்டர்.

“ஃபோன்ல எடுத்ததா? மரத்தடியில ஃபோன் தப்பாத்தான் காட்டும்” என்றார் பொறியாளர்.

“நம்ம கருவியில எடுத்தது சார்” என்றது ஒரு குரல். வீங்கிய முகத்தோடு அன்வர் நின்றான். “எடுத்தவன் நான்தான்.”

பொறியாளர் தாளைக் கீழே வைத்தார். பூங்காவனம் தான் முன்பே வரைந்து வைத்திருந்த இன்னொரு கோட்டைத் திரையில் காட்டினாள். கிழக்கு மொட்டைப் பாறை வழியாகச் செல்லும் பச்சைக் கோடு. “இரண்டு கோபுரம் கூடுதலாகும். மரமும் ஊத்தும் தப்பிக்கும் மேடம்.”

“கரண்டு வேணாம்னு சொல்லலம்மா. எங்க ஊருலயும் பல்பு எரியட்டும். தண்ணிய மிதிச்சிக்கிட்டு வராதீங்கன்னுதான் சொல்றோம்!” என்றாள் தீர்த்தம்மாள்.

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார். பதினாறாம் பக்கத்தில் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். “கிழக்குப் பக்கம் மறுபடி அளந்துட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தக் காட்டுல ஒரு குழிகூட வெட்டக் கூடாது.”

மைதானமே ஆர்ப்பரித்தது! சடையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. “இறக்குங்கடா, அட்டைக் கடி அரிக்குது!” என்று அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் பூங்காவனம் மென்பொருளில் ஊற்றின் சிவப்புப் புள்ளிக்குப் பதிலாக ஓர் அடையாளம் வைத்தாள். குறிகளின் பட்டியலில் சுட்டுவிரலும் இருந்தது. அவள் விரித்த உள்ளங்கையைத் தேர்ந்தெடுத்தாள். இத்தனை காலம் ஒளித்து வைத்தும் காக்க முடியாத ஊற்றை, தாகத்தில் தவித்த ஒருவனுக்கு அள்ளித் தந்த கை காப்பாற்றிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் அன்வர் காலிக் குடுவையோடு நின்றிருந்தான்.

“கெழக்குப் பாறைய அளக்கப் போறேன் அக்கா. தண்ணி எங்க கிடைக்கும்?”

உள்ளேயிருந்த தீர்த்தம்மாள் சிரித்தபடி மலையை நோக்கிக் கையை விரித்தாள்.