கத்தாத கோல்கீப்பர்

ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி. அண்ணன்தான் அவன் கல்லூரி கால்பந்து அணியின் கோல்கீப்பர். "இன்னிக்கும் தோத்தா நான் விளையாட்டையே விட்டுடுவேன்" என்று காலையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

எனக்குப் பத்து வயது. பந்தை நேராக உதைக்கக்கூட வராது. ஆனால் அண்ணன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. அவன் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் எதிரணி தூக்கி அடித்த பந்து கோலை நோக்கி வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரர் நெட்டை அண்ணன் அதைத் தலையால் முட்டப் போனார். பாதியில் நின்றார். பிடிக்க வந்த அண்ணனும் நின்றான். நடுவில் விழுந்த பந்தை எதிரணிக்காரர் ஒருவர் சும்மா தட்டிவிட்டார்.

கோல்!

"ஏன்டா நின்ன?" என்று கத்தினார் நெட்டை அண்ணன்.

"நீ ஏன் நின்ன?" என்றான் அண்ணன்.

"போன வாரமும் இதே மாதிரிதானேம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதுக்கு முந்தின வாரமும்தான்டி" என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தைப் பிடிக்க வரும் கோல்கீப்பர் "எனக்கு!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் மற்றவர்கள் விலகுவார்கள். அண்ணன் கத்தவே இல்லை!

மூன்றாவது ஆட்டத்தில் அவன் கத்தியபோது பந்து கை நழுவிப் போனது. "கத்த மட்டும் தெரியுது, பிடிக்கத் தெரியலையே!" என்றார் நெட்டை அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அண்ணன் வாய்க்குப் பூட்டு.

இடைவேளை வந்தது. அண்ணனிடம் சொன்னால் "போடி, உனக்கென்ன தெரியும்?" என்பான். அதனால் நேராக நெட்டை அண்ணனிடம் போனேன். பயிற்சியாளர் என்னை முறைத்தார்.

"அண்ணே, நீங்க அன்னிக்குக் கிண்டல் பண்ணீங்கள்ல? அதுலேர்ந்து எங்க அண்ணன் கத்துறதே இல்ல."

"நானா? எப்ப..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது. "விளையாட்டுக்குச் சொன்னேன்மா. அதையா மனசுல வச்சிருக்கான்?"

"பந்து யாருக்குன்னு நீங்களே கேளுங்க. கத்துவான்."

பிற்பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று! இன்னும் மூன்றே நிமிடம். எதிரணி மறுபடியும் பந்தைத் தூக்கி அடித்தது.

"யாருக்குடா? சொல்லு! உன்னை நம்பித்தான் நிக்கிறேன்!" என்று கத்தினார் நெட்டை அண்ணன்.

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். நான் அம்மாவின் கையை அழுத்திக் கிள்ளிவிட்டேன்.

"எனக்கு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நெட்டை அண்ணன் சட்டென்று விலகினார். அண்ணன் எம்பினான். பந்து அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அவன் வாய் மூடவே இல்லை. வெளியே போன பந்துக்குக்கூட "எனக்கு!" என்றான். நடுவர் சிரித்துவிட்டார்.

கடைசி விசில் ஊதியதும் எங்கள் அணி அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. "ஆட்டம் சமம்தானே? இவங்க ஏன் கோப்பை வாங்கின மாதிரி குதிக்கிறாங்க?" என்று எதிரணிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

அண்ணன் கீழே இறங்கிப் பயிற்சியாளரிடம் ஓடினான். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

"சார், அடுத்த வருஷப் பயிற்சி என்னிக்கு ஆரம்பம்?"